வாணம் இல்லை, ராக்கெட்

எங்கள் தெருவில் எல்லோரும் அவரை "நர்ஸம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பலிக்கவில்லை. "நான் நர்ஸ் இல்லீங்க. எக்ஸ்ரே எடுக்கறவ" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பரவாயில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ரேஷன் கடை வரிசையிலும் அதே குரல், சாவு வீட்டிலும் அதே குரல். என் பெரியப்பா இறந்த அன்று, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "நர்ஸம்மா, வாய் வறண்டு போச்சு, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கையை நீட்டினாள். தண்ணீரைக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிவிட்டு, அப்புறம் சொன்னார், "எக்ஸ்ரே, பெரியம்மா." அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. இழவு வீட்டில் என்ன திருத்தம் வேண்டிக்கிடக்கிறது?

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார் என்பது ஒரு காரணம். பெயரில் ஒரு கொம்பு, கால் தவறிப்போனால் மாஹேயிலிருந்து போன் வரும் என்பது இன்னொரு காரணம். இப்போது மாஹே ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்ரே எடுக்கிறார். புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மாற்றல் என்று வந்தால் காரைக்காலோடு நிற்காது. கேரளாவுக்கு நடுவில் மாஹே இருக்கிறது, ஆந்திராவுக்கு நடுவில் ஏனாம் இருக்கிறது, எல்லாம் நம்ம ஊர்தானே என்று சொல்லி மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். வழியனுப்பு விழாவில் கூட வேலை செய்த ஒருவர் "அக்கா பெரிய பொறுப்பை ஏத்துக்கிட்டுப் போறாங்க" என்று பேச, அக்கா எழுந்து, "அதே வேலைதான். டிரான்ஸ்பர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்.

நாங்கள் அவரை அக்கா என்றோம். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், அதனால் அதற்கு ஆட்சேபம் வரவில்லை. என்னை அவர் "தலைவரே" என்பார். பஞ்சுக்கிடங்கு இளைஞர் நற்பணி மன்றத்துக்கு நான்தான் தலைவர். இளைஞன் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்குத் தாண்டிவிட்டது, ஆனாலும் அந்தப் பதவிக்கு வேறு ஆள் அகப்படவில்லை. பகலில் டைல்ஸ் கடையில் வேலை. மற்ற நேரத்தில் ஆடி மாதக் கூழுக்கு அண்டா பிடிப்பது, பொங்கல் விளையாட்டுக்கு மைக் செட் சொல்வது, கேரம் போர்டுக்குச் சண்டை வந்தால் விலக்கிவிடுவது. "தலைவரே" என்று அவர் கூப்பிட்டதில் கிண்டல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொள்வேன்.

எங்கள் ஏரியாவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. மில் ஓடிய காலத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கிவைத்த இடம், அதனால் பஞ்சுக்கிடங்கு. மில்லை மூடினார்கள், பஞ்சு போனது, பெயர் மட்டும் நின்றது. மில் வேலை போனவர்கள் வாட்ச்மேன் ஆனார்கள், ஆட்டோ வாங்கினார்கள், ஓட்டலில் மாவு ஆட்டினார்கள். நடுவில் இரண்டு கோஷ்டிகளுக்குள் தகராறு வந்து, எங்கள் தெருமுனையில் ஒருவன் மேல் நாட்டு வெடிகுண்டை வீசிக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்களும் வெளி ஆட்கள், செத்தவனும் வெளி ஆள். இடம் மட்டும் எங்களுடையது. மறுநாள் பேப்பரில் "வெடிகுண்டுக் கிடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். எழுதியவனுக்கு அன்றைக்கு நல்ல சாப்பாடு கிடைத்திருக்கும். எங்கள் பிள்ளைகள் அதைச் சுமந்தார்கள். பைக்கை நிறுத்தி போலீஸ் ஊர் கேட்டால், வேலைக்குப் போன இடத்தில் விலாசம் கேட்டால், பெண் பார்க்கப் போன வீட்டில் விசாரித்தால், "லாஸ்பேட்டை பக்கம்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். லாஸ்பேட்டையில் காலேஜ் இருக்கிறது, அரசாங்கக் குடியிருப்பு இருக்கிறது, ஏர்போர்ட் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட தெருவுக்கு, இருப்பவர்களே காலி செய்துகொண்டு போகிற நேரத்தில், அக்கா தனியாகக் குடிவந்தார். எதிர்வீட்டு அம்மா நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள், "வூட்டுக்காரரு பிரான்ஸ்ல இருக்காராம்மா?" இந்த ஊரில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இதைவிடக் கௌரவமான வழி யாரும் போட்டுத் தர முடியாது. ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், மரியாதை இரட்டிப்பாகியிருக்கும், வருஷத்துக்கு ஒரு தரம் சென்ட் பாட்டில் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அக்கா சொன்னார், "பிரான்ஸெல்லாம் இல்லீங்க. முத்தியால்பேட்டையில இருக்காரு. நாங்க பிரிஞ்சிட்டோம்." அந்த அம்மா ஏற்கெனவே பெருக்கிய வாசலைத் திரும்பவும் பெருக்கினாள்.

ராக்கெட் கதை மாசி மகத்தன்று ஆரம்பித்தது. எல்லா ஊர்ச் சாமியும் கடற்கரைக்கு வந்திருந்தது. எங்கள் பையன்கள் கூட்டத்தின் ஓரத்தில் பாட்டிலில் குச்சியைச் செருகி வெடி விட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று சாய்ந்து சீறிக்கொண்டு போய், பக்கத்து ஊர்ச் சாமியின் குடையில் பொத்தல் போட்டுவிட்டது. அடிதடி ஆக வேண்டியது, நான் நாலு பேர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் தப்பினோம். திரும்பி வந்தால் அக்கா பையன்களை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருடா விட்டது?"

"நான்தாங்க்கா," என்றான் மணிகண்டன். ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். அப்பா மில்லில் இருந்தவர், இப்போது ஒரு ஏ.டி.எம். வாசலில் காவல். "ராக்கெட்டு நேராத்தாங்க்கா வெச்சேன். தானா சாஞ்சுடுச்சு."

"இது ராக்கெட்டு இல்ல. வாணம்."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா?"

"எப்படிடா ஒண்ணாவும்? வாணம் போனா போனதுதான். எங்க வுழுது, யார் மேல வுழுதுன்னு வுட்டவனுக்குக் கவலை இல்ல. ராக்கெட்டுன்னா திரும்பி வரணும். எடுத்துத் தொடச்சி மறுபடியும் வுடணும்."

"உங்களுக்கு வுடத் தெரியுமாக்கா?"

"தெரியாது," என்றார் அக்கா, எக்ஸ்ரே என்று சொல்லும் அதே குரலில்.

அடுத்த வாரம் மன்றத்துக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அறையைக் கேட்டார். பசங்களோடு உட்கார்ந்து வீடியோ பார்த்துப் படித்து ராக்கெட் கட்டப் போகிறாராம். கமிட்டியைக் கூட்டினேன். அக்கா சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் பதறினார், "ராக்கெட்டுன்னா உள்ள மருந்து இருக்குமேம்மா. நம்ம ஏரியாவுல, நம்ம பசங்க கையில மருந்தா? வேணாம்மா, வேற எங்கனா வெச்சிக்குங்க."

"வேற ஏரியாவுல வேற பசங்க இருப்பாங்க," என்றார் அக்கா. "எனக்கு இவங்கதான் வேணும்."

அறையைக் கொடுத்தோம். கொடுக்காவிட்டால் போயிருப்பாரா என்ன!

பசங்களில் மணிகண்டனும் கலைச்செல்வியும்தான் தீவிரம். கலைச்செல்வி பிளஸ் ஒன், அரசுப் பள்ளி, பாடத்தில் பிரெஞ்சு எடுத்திருந்தாள். மற்றதெல்லாம் பொடிசுகள். சார்ட் பேப்பரைப் பிளாஸ்டிக் குழாயில் சுற்றிப் பசை தடவி உடல் செய்தார்கள். வால் சிறகுக்கு உறுதியான அட்டை வேண்டும். கடையில் வாங்காமல் தெருவெல்லாம் போய்ப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பொறுக்கி வந்தார்கள். அதனால் எங்கள் ராக்கெட்டுகளின் சிறகில் பிள்ளையார் இருந்தார், "தங்கள் நல்வரவை நாடும்" இருந்தது. பாராசூட்டுக்குத் தேர்தல் முடிந்து கம்பத்தில் தொங்கிய கட்சிக் கொடிகள். மெல்லிய துணி, ஓசி. ஒரே பாராசூட்டில் ஜென்ம விரோதிகளான இரண்டு கட்சிகளையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கட்சிக்காரர் ஒருவர் வந்து, "எங்க கொடி கீழ எறங்கக் கூடாதும்மா" என்று சத்தம் போட்டார். "மேல போயிட்டுத்தாங்க எறங்குது. கம்பத்துல கட்டினா இவ்ளோ ஒசரம் போகுமா?" என்றார் அக்கா. அந்த ஆள், அவர் கட்சி நிறம் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி மடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மோட்டார் மட்டும் செய்யவே கூடாது என்பது அக்காவின் சட்டம். மருந்தைக் கையால் தொட்டவன் மறுநாள் அறைக்குள் வரக் கூடாது. ஒரு கம்பெனி செய்து விற்கும் ரெடிமேட் மோட்டாரைத்தான் வாங்கினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு அட்டைக் குழாய், உள்ளே மருந்து இறுக்கி அடைத்திருக்கும். தள்ளி நின்று பேட்டரி ஒயரில் சுவிட்சை அழுத்தினால் பற்றிக்கொள்ளும். மேலே போய் மருந்து தீருகிற நேரத்தில் அதே மோட்டார் பின்பக்கமாக ஒரு ஊது ஊதி, மூக்கைக் கழற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளும். அந்தப் பாராசூட் விரிந்தால் ராக்கெட், விரியாவிட்டால் நாங்கள் அதுவரை செய்ததெல்லாம் வாணம்.

விரிகிறதா என்று பார்க்க, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி வெறும் பாராசூட்டைக் கல் கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு தரம் பாதி விரிந்து, தரைக்குப் பக்கத்தில் வந்து சுருண்டுகொண்டது. நான் தலைவர் இல்லையா, ஊக்கப்படுத்த வேண்டாமா? "பரவால்லடா, கிட்டத்தட்ட வந்துடுச்சு" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கிட்டத்தட்ட வரல, தலைவரே. வரல." பசங்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கேரம் ஆட்டத்தில் காயின் குழி ஓரத்தில் நின்றால், ஒரு பொடியன் எழுந்து நின்று "வரல, தலைவரே" என்பான். எனக்கு வீட்டிலும் வெளியிலும் வேறு மரியாதையே இல்லாமல் போனது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பசங்கள் வெளியில் "லாஸ்பேட்டை" என்று சொல்லும்போது அக்கா திருத்தவே மாட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். நர்ஸ் என்பதற்குச் சாவு வீட்டில் மல்லுக்கட்டுகிறவர், இதை ஏன் விட்டுவைக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேன். "என் பேர நான் திருத்தலாம். அவங்க ஊர அவங்கதான் சொல்லணும்" என்றார். எனக்கு அப்போது அது பிடிபடவில்லை.

விடுகிற நாள் வந்தது. லாஸ்பேட்டையில் ஏர்போர்ட் இருப்பதால் வடக்குப் பக்கம் ஆகாது என்று அக்கா சொல்லிவிட்டார். அரியாங்குப்பத்துக்கு அப்பால் என் மச்சானுக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் போட்ட கொல்லை ஒன்று காலியாகக் கிடந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் குட்டி யானை வண்டியில் மூன்று ராக்கெட்டையும் பசங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனோம். ஒன்று மணிகண்டனுடையது, ஒன்று கலைச்செல்வியுடையது, ஒன்று பொடிசுகள் எல்லோரும் சேர்ந்து கட்டியது. பக்கத்துத் தென்னந்தோப்பில் ஒருவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிகண்டனின் ராக்கெட்டைத் தரையில் நட்ட கம்பியில் மாட்டி ஒயரை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்தது. வயல்வெளியில் இளவயசுப் பையன்கள் குழாயில் மருந்து வைத்து ஏதோ செய்கிறார்கள் என்று தோப்புக்காரர் போன் போட்டிருக்கிறார். எஸ்.ஐ. இளைஞர். கூட ஒரு ஏட்டு, வயதானவர், எங்கள் ஊர்ப் போலீஸுக்கே உரிய சிவப்புத் தொப்பி வியர்வையில் ஊறியிருந்தது.

"யாருடா இங்க பெரியவன்? எந்த ஏரியா?" என்றார் எஸ்.ஐ.

மணிகண்டன் முன்னால் போனான். ஐ.டி.ஐ. முடித்திருந்தான். ஒரு கம்பெனியில் வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், போலீஸ் விசாரணை முடிந்தால் ஆர்டர் கையில். அந்த வீட்டில் அதற்காக எத்தனை விளக்கு ஏற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷனில் அவன் பெயரோடு மருந்து, குழாய் என்று ஏதாவது ஒரு வரி ஏறினால் எல்லாம் போச்சு. அதிலும் கிடங்கு என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

"லாஸ்பேட்டை, சார்."

நான் மூச்சு விட்டேன். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"லாஸ்பேட்டையில இடமா இல்ல? இவ்ளோ தூரம் வந்து இன்னாடா பண்றீங்க? இது இன்னா, குண்டா?"

ஏட்டு நல்ல மனிதர். என் பக்கத்தில் வந்து குனிந்து, "திருவிழாவுக்கு வாணம் டெஸ்ட் பண்ணோம்னு சொல்லிடுங்க. வார்ன் பண்ணி அனுப்பிடுவாரு" என்று கிசுகிசுத்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

"வாணம்தான் சார்!" என்று கத்தினேன். "கோயிலுக்கு வாணம் சார்!"

"இல்ல," என்றார் அக்கா. "ராக்கெட்."

எஸ்.ஐ. அவரைப் பார்த்தார். "நீங்க யாரு? டீச்சரா?"

"டீச்சர் இல்ல சார். எக்ஸ்ரே எடுக்கறவ. பசங்க கட்டினது ராக்கெட்டு. வாணம் போனா திரும்பாது. இது பாராசூட்ல எறங்கும்."

நான் அவர் கையைப் பிடித்தே இழுத்தேன். "அக்கா, ஒரு வார்த்தைக்கா? பையன் வேலையே போயிடும்க்கா."

"வாணம்னு சொல்லி வெளிய வந்தா, நாளைக்கு எங்க வெடிச்சாலும் இவனத்தான் தேடுவாங்க, தலைவரே." எனக்குச் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அப்புறம் எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "விட்டுக் காட்டறோம் சார். திரும்பி வரலேன்னா என்னை ஏத்திட்டுப் போங்க. பசங்கள தொடக் கூடாது."

எஸ்.ஐ.க்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். வயசு அப்படி. ஜீப்பில் சாய்ந்துகொண்டு கையைக் காட்டினார்.

எண்ணுவது கலைச்செல்வியின் வேலை. இங்கிலீஷில் எல்லோரும் எண்ணுவார்கள், நாம் பிரெஞ்சில் எண்ண வேண்டும் என்று அவளே ஏற்றுக்கொண்டது. நேராக எண்ணுவது வேறு, தலைகீழாக எண்ணுவது வேறு. "திஸ், நெஃப், உய்த், செத், சிஸ்..." என்று பத்திலிருந்து ஆறு வரைக்கும் வந்தவள் பயத்தில் அங்கேயே நின்றுவிட்டாள். மணிகண்டன் பொறுக்காமல் சுவிட்சை அழுத்திவிட்டான். உஷ் என்று ஒரு சத்தம். கம்பியில் இருந்தது அங்கே இல்லை. தலையை நிமிர்த்தினால் தென்னை உயரத்துக்கு மேலே, அதற்கும் மேலே, வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உச்சியில் மூக்கு கழன்றது தெரிந்தது. பாராசூட் வெளியே வந்தது. விரியவில்லை. கடற்காற்றின் ஈரத்தில் கொடித்துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கசக்கிய கைக்குட்டையாகப் பின்னால் தொங்க, மொத்தமும் கொல்லை நடுவில் தொப்பென்று விழுந்தது.

நான் வாயைத் திறந்தேன். கிட்டத்தட்ட என்று வந்ததை விழுங்கினேன்.

"வரல," என்றார் அக்கா. நடந்து போய் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "போலாம் சார்."

"எறங்குங்கம்மா," என்றார் எஸ்.ஐ. "வெளையாடறீங்களா?"

"சொன்னேன் இல்ல சார். வரல, ஏறிட்டேன்."

ஒரு பெண்ணை, அதுவும் அரசு ஊழியரை, உடைந்துபோன அட்டைக் குழாய்க்காக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் என்னவென்று எழுதுவது? எஸ்.ஐ. ஏட்டைப் பார்த்தார். ஏட்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அதற்குள் மணிகண்டன் ஓடிப்போய் விழுந்ததை எடுத்துப் பாராசூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினான், "ஈரம்க்கா! ஒட்டிக்கிச்சு!" கலைச்செல்வி அவள் ராக்கெட்டைத் திறந்து பாராசூட்டை வெளியே உருவினாள். தன் பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்துத் துணி முழுக்கக் கொட்டினாள். மணிகண்டன் புதிதாக மடித்தான். எஸ்.ஐ.யிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா ஜீப்பில் உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு யோசனை சொல்லவில்லை. சொல்லத் துடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கலைச்செல்வி மறுபடி எண்ணினாள். மறுபடி சிஸ்ஸில் திக்கினாள். "சேங்க்," என்றது ஒரு குரல். ஏட்டு! பிரெஞ்சு ஸ்கூலில் படித்தவராம். "சேங்க், கத்ர், த்ருவா, தே, ஏன்!" என்று அவரே முடித்துவைத்தார். பவுடர் வாசனையோடு கிளம்பியது. உச்சிக்குப் போய்த் திரும்பி, மூக்கு கழன்று, அந்த இரண்டு கட்சிக் கொடியும் ஒன்றாக விரிந்தது. வெள்ளைப் புழுதி மாதிரிப் பவுடர் காற்றில் பறந்தது. அண்ணாந்து பார்த்த ஏட்டின் சிவப்புத் தொப்பி பின்னால் விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. ராக்கெட் ஆடி ஆடி, அவசரமே இல்லாமல் இறங்கி, கொல்லைக்குள்ளேயே உட்கார்ந்தது. பொடிசுகள் போட்ட கூச்சலில் தோப்புக்காரர் வேலி வரைக்கும் ஓடிவந்துவிட்டார்.

"அதான் வந்துடுச்சே. எறங்குங்கம்மா," என்றார் எஸ்.ஐ. அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

"மொத விட்டது வரலியே சார்," என்றார் அக்கா. அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து எஸ்.ஐ.க்கு மேலதிகாரியிடமிருந்து போன். "ஆமா சார், ஸ்பாட்லதான் இருக்கேன்... பசங்கதான் சார்... ஏரியாவா? ஒரு நிமிஷம் சார்." போனைக் கையால் பொத்திக்கொண்டு மணிகண்டனைப் பார்த்தார். "லாஸ்பேட்டைன்னுதானே சொன்ன?"

தலையை ஆட்டினால் தீர்ந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். நான் பின்னாலிருந்து மணிகண்டனின் தோளை அழுத்தினேன். என் கையை அவன் எடுத்துவிட்டான்.

"இல்ல சார். பஞ்சுக்கிடங்கு."

எஸ்.ஐ.யின் சிரிப்பு நின்றது. "அப்போ மொதல்ல பொய் சொன்னியா?"

"ஆமா சார். பொய்தான் சொன்னேன்."

"ஏன்டா?"

"கிடங்குன்னு சொன்னா குண்டுன்னு எழுதிடுவீங்க சார்."

"நானும் கிடங்குதான் சார்," என்றாள் கலைச்செல்வி, ராக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

அந்தக் கம்பெனி வேலை மணிகண்டனுக்குக் கிடைக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பிறகு வேறு இடத்தில் சேர்ந்தான். அங்கேயும் விலாசம் கேட்டார்கள், அங்கேயும் பஞ்சுக்கிடங்கு என்றே எழுதிக் கொடுத்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கொல்லையில் அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. எஸ்.ஐ. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். போனில் மேலதிகாரி ஹலோ, ஹலோ என்று கத்துவது எங்களுக்கே கேட்டது.

எஸ்.ஐ. போனைக் காதில் வைத்தார். "பஞ்சுக்கிடங்குப் பசங்க சார்... இல்ல சார், குண்டெல்லாம் இல்ல... வாணமும் இல்ல சார். ராக்கெட்டு. நானே பார்த்தேன், சார்."

ஜீப்பின் பின்பக்கம் கம்பி கிறீச்சிட்டது. அக்கா இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்கு வரணும்னீங்களேம்மா?" என்றார் ஏட்டு, தொப்பியைத் தேடிக்கொண்டே.

"சாயந்திரம் நானே வரேன் சார். இப்ப வேலை இருக்கு." அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குள் நடந்தார். "மூணாவது யாருதுடா? எடுத்தாங்க."